பொடி ஏன் மஞ்சளாக வந்தது? நனோ ஆய்வில் அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் ஒரு பிடி மணலை அள்ளிப் பாருங்கள். கருப்பாக இருக்கும், கைக்குக் கனம் தெரியும். அந்தக் கருப்பில் பெரும் பங்கு இல்மனைட். இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம் அது. கூடவே ரூட்டைல், சிர்கான், கொஞ்சம் மொனசைட். மொனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு, ஆகவே மணலை அரைக்கும்போது முகக்கவசம் போடாமல் வீரம் காட்ட வேண்டாம்.

நானும் இந்த மணலில்தான் தொடங்கினேன். இல்மனைட்டில் இருந்து இரும்பைக் கழற்றி, டைட்டேனியம் ஈரொட்சைட்டை நனோ துகளாக எடுத்து, அதைக் கொண்டு சாயத் தண்ணீரை வெயிலில் தெளிய வைப்பது என் தலைப்பு. எழுதும்போது ஒரு வரி, செய்யும்போது நாலரை வருடம். இப்போது உப்புவெளியில் வீட்டோடு இருந்தாலும், ஆய்வு செய்யும் தம்பி தங்கச்சிமாரிடம் இருந்து இராத்திரியில் அழைப்பு வரும். “அக்கா, ஒரு சின்னப் பிரச்சினை” என்று தொடங்கினால் அது சின்னது இல்லை என்று அர்த்தம்.

அவர்கள் சொல்லும் அறிகுறிகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். புத்தக ஒழுங்கில் இல்லை, அடிக்கடி வரும் கேள்விகளில் இருந்து தொடங்குகிறேன். எந்த அறிகுறி என்றாலும் நான் முதலில் கேட்பது “எந்தத் தண்ணீர் பாவித்தாய்?” என்றுதான். கடலோரத்தில் இருந்துகொண்டு உப்பைச் சந்தேகிக்காமல் விஞ்ஞானத்தைச் சந்தேகிப்பது சரியில்லை.

“பொடி வெள்ளையா வரேல்லை அக்கா, மஞ்சளா இருக்கு”

சுட்ட பிறகு மஞ்சளா, சுடும் முன்பே மஞ்சளா என்று முதலில் பாருங்கள்.

உலையில் இருந்து எடுத்த உடனே மஞ்சள் சாயல், ஆறியதும் வெள்ளை என்றால் பிழை ஒன்றும் இல்லை. நாக (துத்தநாக) ஒட்சைட்டு இந்த வேலையை மிக வடிவாகச் செய்யும், டைட்டேனியம் ஈரொட்சைட்டும் சூட்டில் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். ஆற விட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

ஆறிய பிறகும் மஞ்சள் அல்லது பழுப்பு, சுடச்சுடச் செங்கல் சாயல் கூடுகிறது என்றால் அது இரும்பு. வேறு விளக்கம் தேட வேண்டாம். “ஒட்சிசன் வெற்றிடம்”, “பட்டை இடைவெளி குறைந்துவிட்டது” என்றெல்லாம் மேற்பார்வையாளரிடம் சொல்ல ஓட வேண்டாம். நான் ஓடியிருக்கிறேன்.

இரும்பு எப்படிச் சேர்கிறது? இல்மனைட்டைச் செறிந்த சல்பூரிக்கமிலத்தில் கரைத்தால் டைட்டேனியமும் இரும்பும் இரண்டுமே கரைசலுக்குள் வரும். அப்புறம் கரைசலைச் சூடாக்கி நீராற்பகுக்கும்போது, அதாவது நீரோடு தாக்கமுற வைக்கும்போது, டைட்டேனியம் வெள்ளையாகப் படிய வேண்டும். இரும்பு பெரஸ் நிலையில் (ஏற்றம் இரண்டு) இருந்தால் கரைசலிலேயே நல்ல பிள்ளையாக நிற்கும். பெரிக் நிலையில் (ஏற்றம் மூன்று) இருந்தால் வீழ்படிவோடு ஒட்டிக்கொண்டு வரும், பிறகு எவ்வளவு கழுவினாலும் போகாது. ஆகவே படிய வைக்கும் முன்பே பெரிக்கைப் பெரஸாக மாற்ற வேண்டும். தொழிற்சாலையில் பழைய இரும்பைப் போட்டுத்தான் இதைச் செய்கிறார்கள். நாங்கள் இரும்புத் தூள் போடலாம்.

எப்போது போதும் என்று தெரிவதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. இரும்பைச் சிறிது சிறிதாகப் போட்டுக்கொண்டே முகவையைப் பாருங்கள். பழுப்பு மெல்ல மங்கிப் பச்சைச் சாயல் வரும். அதற்குப் பிறகும் கொஞ்சம் போட்டால், ஒரு கட்டத்தில் கரைசலில் மெல்லிய கத்தரிப்பூ நிறம் தட்டும். பெரிக் முழுக்க முடிந்து, டைட்டேனியமே ஏற்றம் நான்கில் இருந்து மூன்றுக்கு இறங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அங்கே நிறுத்த வேண்டும். அந்தக் கத்தரிப்பூ நிறம் காற்றுப் பட்டால் போய்விடும், ஆகவே முகவையை மூடி வைத்து அடுத்த படியைத் தாமதிக்காமல் தொடங்குங்கள். கண்ணில் நம்பிக்கை இல்லை என்றால் ஒரு துளி கரைசலில் தயோசயனேற்று விட்டுப் பாருங்கள். இரத்தச் சிவப்பு வந்தால் பெரிக் இன்னும் இருக்கிறது. இதெல்லாம் புகையகற்றிக்குள், நெருப்பு இல்லாத இடத்தில். அமிலத்தில் இரும்பு போட்டால் ஐதரசன் வரும் என்பதை ஓ.எல். பிள்ளையும் சொல்லும், ஆனால் பி.எச்டி. அவசரத்தில் மறந்துபோகும்.

ஒரு தம்பி இரும்புத் தூள் கிடைக்கவில்லை என்று ஹாட்வெயார் கடையில் கூரைத் தகரத்துக்கு அடிக்கும் ஆணி வாங்கிப் போட்டிருக்கிறான். பொடி நல்ல வெள்ளையாகத்தான் வந்தது. எந்த மூலகங்கள் இருக்கின்றன என்று எக்ஸ் கதிரால் காட்டும் ஈ.டி.எக்ஸ். எடுத்தால் நாகம் இருக்கிறது. கூரை ஆணிக்குத் துருப்பிடிக்காமல் இருக்க நாகம் பூசுவார்கள் அல்லவா, அதுதான். இரண்டு கிழமையாக “மணலில் நாகம் எப்படி வந்தது” என்று கட்டுரை கட்டுரையாகத் தேடியிருக்கிறான், பாவம்.

வீழ்படிவை முதலில் வெறும் நீரில் கழுவாமல் ஐதான சல்பூரிக்கமிலத்தில் கழுவுங்கள். வெறும் நீரை ஊற்றியதும் அமிலத்தன்மை இறங்கும், இடுக்கில் நிற்கும் இரும்பு அங்கேயே படிந்துவிடும். அமிலத்தில் இரும்பு போன பிறகு நீர்.

பொடி சாம்பல் நிறம் என்றால் அது வேறு கதை. பெரும்பாலும் கரிதான். வடிதாளின் நார், சேர்த்த சேதனப் பொருள் சரியாக எரியாமல் நின்றிருக்கும். மூசையின் (சுடும் கிண்ணத்தின்) மூடியைத் திறந்து, மெல்லிய படையாகப் பரப்பி, 500 பாகை செல்சியசில் இரண்டு மணி நேரம் திரும்பச் சுடுங்கள். வெள்ளையானால் கரி.

“எக்ஸ்.ஆர்.டி.யில் ஒரு பீக் கூடுதலா இருக்கு”

இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் நானே விழுந்தேன். பொடியில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அது எந்தக் கோணங்களில் பலமாகத் திரும்புகிறது என்று பார்த்துப் பளிங்கை அடையாளம் காண்பது எக்ஸ்.ஆர்.டி., அந்தக் கோணத்தில் எழும் கூர்மேடுதான் பீக்.

டைட்டேனியம் ஈரொட்சைட்டுக்கு இரண்டு முக்கிய உருவம். அனட்டேஸ் என்றால் செம்பில் இருந்து வரும் எக்ஸ் கதிரில் 25.3 பாகையில் பெரிய பீக். ரூட்டைல் என்றால் 27.4 பாகையில். இந்த எண்களை ஒவ்வொரு மாணவரும் வீட்டு முகவரி போலப் பாடமாக்கி வைத்திருப்பார்கள். என் இரண்டாம் வருடத்தில் 25.3 இல் அழகான பீக் வந்தது, பக்கத்தில் 27.4 இல் சின்னதாக ஒன்று. “அனட்டேஸ், கொஞ்சம் ரூட்டைல் கலந்தது” என்று எழுதி, இந்தக் கலவைதான் ஒளியூக்கத்துக்கு, அதாவது வெளிச்சத்தில் சாயத்தைச் சிதைப்பதற்கு, நல்லது என்று இரண்டு பந்தியும் எழுதி அனுப்பினேன். மேற்பார்வையாளரிடம் இருந்து ஒரு வரிப் பதில்: “31.7 இல் இருப்பது யார்?”

31.7 இல் இருந்தது சோறுக்குப் போடும் உப்பு. சோடியம் குளோரைட்டின் மிகப் பெரிய பீக் 31.7 இல் வரும், அடுத்தது 45.4 இல். அதற்கு இன்னொரு சின்னப் பீக் உண்டு, ஏறத்தாழ 27.4 இல். ரூட்டைல் நிற்கும் அதே வாசலில்! ஐதரோகுளோரிக்கமிலத்தில் கரைத்துச் சோடியம் ஐதரொட்சைட்டால் நடுநிலையாக்கியிருந்தேன். இரண்டும் சேர்ந்தால் என்ன வரும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்தது. நான்தான் ஒழுங்காகக் கழுவவில்லை.

ஆகவே 27.4 இல் பீக் கண்டால் அதன் கூட்டாளிகளைத் தேடுங்கள். ரூட்டைல் என்றால் 36.1 இலும் 54.3 இலும் ஆள் இருக்கும். உப்பு என்றால் 31.7 இல் அதைவிடப் பெரிதாக ஒன்று நிற்கும். ஒற்றைப் பீக்கை வைத்து எந்தப் பளிங்குக்கும் பெயர் வைக்காதீர்கள். சந்தேகம் என்றால் பொடியைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, தெளிந்த நீரில் ஒரு துளி நைத்திரிக்கமிலமும் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்றும் விடுங்கள். பால் போலக் கலங்கினால் குளோரைட்டு இருக்கிறது. கலங்காமல் போகும் வரை கழுவ வேண்டும்.

“கழுவினேன் அக்கா, ஆனா கழுவக் கழுவ வடிநீர் பால் மாதிரி போகுது, பொடி குறையுது” என்பார்கள். அதனால்தான் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், நானும் அதனால்தான் நிறுத்தினேன். இது நல்ல அறிகுறிதான். உப்பு இருக்கும் வரை துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக நிற்கும். உப்புப் போகப்போகத் துகள்களின் மின்னேற்றம் ஒன்றையொன்று தள்ளும், கட்டி உடைந்து வடிதாளின் துளைக்குள்ளால் நழுவும். வடிதாளை விட்டுவிட்டு மையநீக்கிக்கு மாறுங்கள். சுற்றியும் படியவில்லை என்றால் கடைசிக் கழுவல்களுக்கு மிக ஐதான அமோனியம் காபனேற்றுக் கரைசல் பாவியுங்கள். அது துகள்களைப் பிடித்து வைக்கும், பிறகு சூடாக்கும்போது தடம் இல்லாமல் ஆவியாகிப் போய்விடும். சோடியம் உப்பு எதையும் இந்த வேலைக்குப் போடக் கூடாது, திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டிவரும்.

“வெள்ளி நைத்திரேற்று கரைச்ச உடனேயே வெள்ளையாப் போச்சு”

வெள்ளி நனோ துகள் செய்பவர்கள் சொல்வது இது. காரணம் கிணற்றுத் தண்ணீர். கேட்கவே வேண்டியதில்லை.

நிலாவெளிப் பக்கம் உப்பளமே இருக்கிறது, கரையோரக் கிணறுகளில் நாக்குக்குத் தெரியாத உப்பும் வெள்ளிக்குத் தெரியும். வெள்ளியும் குளோரைட்டும் சந்தித்தால் வெள்ளிக் குளோரைட்டாகப் படியும், நனோ துகளுக்கு மிச்சம் இல்லை. “டிஸ்டில் வோட்டர் போத்தல்தான் அக்கா” என்றால், அந்தப் போத்தல் முன்பு எதற்கு இருந்தது, முகவையை எதில் அலசினாய் என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவி, காய்ச்சி வடித்த நீரால் அலசாமல் காய வைத்த முகவை ஒன்று போதும் எல்லாவற்றையும் கெடுக்க.

முருங்கை இலைச் சாறு, ஆடாதோடைச் சாறு என்று இலைச் சாற்றால் துகள் செய்யும் பச்சைத் தொகுப்பு செய்பவர்களுக்கு இன்னொன்று: இலையிலும் குளோரைட்டு இருக்கும். கடற்காற்றுப் படும் வேலியில் பறித்த இலை என்றால் மேலேயும் உப்பு இருக்கும், அலசிவிட்டுக் கொதிக்க வையுங்கள். சரியாக வந்தால் கரைசல் மஞ்சளாகிப் பிறகு தேத்தண்ணி நிறமாகும், நிறமாலையில் 400 முதல் 450 நனோமீற்றருக்குள் ஒரு மேடு தெரியும். சாம்பல் நிறமாகி அடியில் கறுப்பு மண்டி படிந்தால் துகள்கள் ஒன்றாகத் திரண்டுவிட்டன. சாற்றின் அளவையும் பி.எச்.சையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

“ஒரே பொடி, மூன்று அளவு வருது”

எக்ஸ்.ஆர்.டி.யில் 20 நனோமீற்றர், எஸ்.ஈ.எம். (இலத்திரன் நுணுக்குக்காட்டி) படத்தில் 150, ஒளிச்சிதறல் கருவியில் 400. எது பொய்? மூன்றும் உண்மையாக இருக்கலாம்.

எக்ஸ்.ஆர்.டி. பீக்கின் அகலத்தில் இருந்து கணக்கிடும் ஷெரர் சமன்பாடு தருவது பளிங்கின் அளவு. எஸ்.ஈ.எம். காட்டுவது பல பளிங்குகள் சேர்ந்த துகள். ஒளிச்சிதறல் அளப்பது நீரில் அந்தத் துகள்கள் கட்டியாகச் சேர்ந்து, தண்ணீர்ப் போர்வையும் போர்த்திக்கொண்டு அசையும் உருவத்தை. அதிலும் சிதறும் ஒளி துகள் அளவின் ஆறாம் அடுக்காகக் கூடும். பத்து மடங்கு பெரிய ஒரு துகள், சின்னத் துகள் பத்து இலட்சத்தின் சத்தத்தை ஒன்றாகப் போடும். நாலு தூசி விழுந்தால் போதும், முழு மாதிரியும் பெரிதாகத் தெரியும். மாதிரியை ஐதாக்கி, அளக்கும் முன் மீயொலித் தொட்டியில் வைத்து எடுங்கள்.

ஆனால் ஷெரர் கணக்கிலேயே பிழை இருப்பதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கணக்கைச் செய்து காட்டுகிறேன். 25.3 பாகையில் பீக், அரை உயரத்தில் அகலம் 0.4 பாகை, அலைநீளம் 0.15406 நனோமீற்றர், மாறிலி 0.9. அகலத்தை ஆரையனுக்கு மாற்றினால் 0.00698. கோணத்தில் பாதியான 12.65 இன் கோசைன் 0.9757. இப்போது 0.9 ஐ 0.15406 ஆல் பெருக்கி, இந்த இரண்டின் பெருக்கத்தால் வகுத்தால் 20.4 நனோமீற்றர் வரும்.

அகலத்தை ஆரையனுக்கு மாற்ற மறந்தால் 0.355 வரும். “குவாண்டம் புள்ளி அக்கா!” என்று, மிக மிகச் சின்னத் துகள் கிடைத்ததாக, ஒரு தங்கச்சி துள்ளினாள். அனட்டேஸ் பளிங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் அலகுக் கலத்தின் சிறிய பக்கமே 0.378 நனோமீற்றர் அம்மா, ஒரு அறையை விடச் சின்ன வீடு எப்படிக் கட்டினாய் என்றேன். கோணத்தைப் பாதியாக்க மறந்தால் 22 வரும். இந்தப் பிழை ஆபத்தானது, நம்பும்படி இருக்கும்.

கருவி தன் பங்குக்கும் பீக்கை அகலமாக்கும். நியமச் சிலிக்கன் மாதிரியில் அந்த அகலம் 0.1 பாகை என்று வந்தால், நேராகக் கழித்து 0.3 இல் கணக்குப் போட 20 போய் 27 ஆகும். ஆய்வேட்டில் எந்த முறையில் கழித்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள், வாய்மொழித் தேர்வில் அதைக் கேட்பார்கள். நூறு நனோமீற்றருக்கு மேல் வந்தால் ஷெரரைக் கும்பிட்டு விட்டுவிடுங்கள்.

“சோல் ஜெல் கட்டி கட்டியாப் போகுது”

சோல் ஜெல் என்பது திரவச் சேர்வையை நீரால் மெல்லப் பிரித்து, கூழாக்கி, பொடி எடுக்கும் முறை. எந்த மாதம் என்று கேட்பேன். மார்கழி, தை என்றால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. மாரி மழையில், இதற்குத் தொடக்கத் திரவமான டைட்டேனியம் ஐசோபுரொபொட்சைட்டுப் போத்தலைத் திறப்பது, அரிசிமாவை மழையில் காய வைப்பது போலத்தான். காற்றில் உள்ள ஈரமே அதற்குப் போதும். போத்தல் கழுத்தில் வெள்ளைச் செதில் படிந்திருந்தால் உள்ளே இருப்பதும் பழுதாகத் தொடங்கிவிட்டது.

புதுப் போத்தலை வாங்கியதும் சின்னக் குப்பிகளாகப் பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட உலர்த்திக்குள் வையுங்கள். உலர்ந்த சிரிஞ்சால் எடுங்கள். நீரை நேரே ஊற்றாமல், அல்ககோலில் கலந்து துளித்துளியாக விடுங்கள், காந்தக் கலக்கி வேகமாகச் சுற்றட்டும். அசற்றிக்கமிலமோ அசற்றைல் அசற்றோனோ சேர்த்தால் நீராற்பகுப்பு நிதானமாகும். அசற்றைல் அசற்றோன் சேர்த்ததும் மஞ்சள் நிறம் வரும், அது இரும்பு இல்லை, பயப்பட வேண்டாம்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்த போத்தல் உறைந்து கட்டியாகிவிட்டது என்று எறியப் போனவர்களையும் தடுத்திருக்கிறேன். அது 20 பாகைக்குக் கீழேயே உறையக்கூடிய திரவம். வெளியே வைத்தால் உருகும். ஆனால் குளிரோடு மூடியைத் திறந்தால் நம் ஊர் ஈரம் முழுக்க உள்ளே போய் ஒடுங்கும், அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதே செய்முறை தானாகவே சரிவரும். தலைமயிர் காய்ந்து பறக்கிற நாளில் சோல் ஜெல் வையுங்கள். ஒவ்வொரு தொகுப்பிலும் அன்றைய ஈரப்பதனை எழுதுங்கள். சின்ன ஈரமானி விலை பெரிதில்லை. ஒரு வருடக் குறிப்பைப் பின்னால் புரட்டியபோது, என் “நல்ல” தொகுப்புகளில் ஏறத்தாழ எல்லாமே ஆனிக்கும் ஆவணிக்கும் இடையில் வந்தவை என்று கண்டேன். அதுவரை அதை என் திறமை என்று நினைத்திருந்தேன்.

சிலிக்கா ஜெல்லும் நிறம் பார்க்க வேண்டிய சாமான். நீலம் ரோசாவாகிவிட்டால் அது அலங்காரத்துக்கு மட்டுமே, 120 பாகையில் சூடாக்கி நீலமாக்கிப் போடுங்கள்.

“உலை ஓடினதா இல்லையா தெரியேல்லை”

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அந்த வருடம் செய்த சூடாக்கல் எதையும் நான் நம்புவதில்லை. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்கக் கரண்ட் போனதற்குக் குரங்குதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். ஆகவே இது எங்கள் செய்முறையின் ஒரு பகுதி, எதிர்பார்த்தே வேலை செய்ய வேண்டும்.

கரண்ட் போய் வந்தால் சில உலைகள் நின்ற இடத்தில் இருந்து தொடரும், சில முதலில் இருந்து தொடங்கும், சில அணைந்தே கிடக்கும். உங்கள் உலை எந்த ரகம் என்று வெறும் மூசை வைத்து, ஆளியை அணைத்துப் போட்டு முதலிலேயே சோதியுங்கள். அப்புறம் என் மலிவு உத்தி: கரண்டில் ஓடும் முள் மணிக்கூடு ஒன்றை அதே இணைப்பில் செருகி வையுங்கள். காலையில் வந்து பார்க்கும்போது உங்கள் கைக்கடிகாரத்தை விட அது எவ்வளவு பின்னால் நிற்கிறதோ அவ்வளவு நேரம் கரண்ட் இல்லை. மின்கலத்தில் ஓடும் மணிக்கூடு இதற்குச் சரிவராது, சொல்ல வேண்டியிருக்கிறது, ஒருவர் அதையும் வைத்தார்.

600, 700 பாகையை ஒட்டி அனட்டேஸ் ரூட்டைலாக மாறத் தொடங்கும், இரும்பு மிச்சம் இருந்தால் இன்னும் முந்தியே. உலை இரண்டு தரம் ஏறி இறங்கினால் உருவ விகிதம் மாறிவிடும். அந்தத் தொகுப்பை “சந்தேகம்” என்று எழுதித் தனியே வையுங்கள், எறிய வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம்.

“சாயம் போகுது, ஆனா பொடி போடாமலும் போகுது”

மெதிலீன் நீலத்தைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெயிலில் வைத்தால் அது தானாகவே கொஞ்சம் மங்கும். பொடி இல்லாத குவளை, வெளிச்சம் படாத குவளை, இரண்டும் பக்கத்தில் இல்லாத ஒளியூக்கப் பரிசோதனை பரிசோதனையே இல்லை. பொடியைப் போட்டு முதலில் இருட்டில் அரை மணி நேரமாவது கலக்க வேண்டும். சாயம் பொடியில் வெறுமனே ஒட்டிக்கொள்வதைச் சிதைவு என்று கணக்கெடுப்பது இங்கேதான் நடக்கிறது. இருட்டில் வைத்து எடுத்து, மையநீக்கியில் சுற்றிப் படிந்த பொடி நீலமாக இருக்கிறதா என்று ஒரு முறை கண்ணால் பாருங்கள். நீலமாக இருந்தால் சாயம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

664 நனோமீற்றரில் அளக்கும்போது கரைசல் சற்றும் கலங்கலாக இருக்கக் கூடாது, துகள் சிதறடிக்கும் ஒளியும் உறிஞ்சலாகப் பதிவாகும். சிரிஞ்ச் வடியில் விட்டால் தெளியும், ஆனால் சில வடிகள் மெதிலீன் நீலத்தையே பிடித்துக்கொள்ளும். தெரிந்த செறிவுள்ள சாயத்தை அந்த வடியில் ஒருமுறை விட்டு, முன்னும் பின்னும் அளந்து பாருங்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. அனட்டேஸின் பட்டை இடைவெளி, அதாவது அதைத் தூண்ட ஒளிக்கு வேண்டிய குறைந்த சக்தி, 3.2 இலத்திரன் வோல்ற்று. 1240 ஐ அதால் வகுத்தால் 388 நனோமீற்றர், அதாவது புறஊதா. வெயிலில் புறஊதாவின் பங்கு ஏறத்தாழ 4, 5 வீதம்தான். டச்சுக் குடாவில் மத்தியானம் நின்றால் தோல் எரிகிறதே என்று நினைக்காதீர்கள், மேகம் ஒன்று கடந்தாலே உங்கள் வரைபு வளையும். வெயிலில் செய்வதென்றால் எல்லாக் குவளையையும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் வையுங்கள். “கட்புல ஒளியில் வேலை செய்யும் புதுப் பொருள்” என்று மெதிலீன் நீலத்தை மட்டும் வைத்து எழுதும் கட்டுரைகளை நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பேன். அந்தச் சாயமே கட்புல ஒளியை உறிஞ்சுகிறது, வேலை செய்தது யார் என்று எப்படித் தெரியும்? நிறமில்லாத ஒரு சேர்வையிலும், பினோல் போல, காட்டினால் நம்பலாம்.

“ஈ.டி.எக்ஸ்.ல நைதரசன் இருக்கு, டோப்பிங் சக்சஸ்!”

டோப்பிங் என்றால் வேறொரு மூலகத்தைச் சிறிது உள்ளே புகுத்துவது. டைட்டேனியத்துக்குள் நைதரசனை ஈ.டி.எக்ஸ். கொண்டு நிரூபிக்க முடியாது. நைதரசனின் கோடு 0.39 கிலோ இலத்திரன் வோல்ற்றில் வரும், டைட்டேனியத்தின் எல் கோடுகளில் ஒன்றும் அதே இடத்தில்தான். மென்பொருள் எந்தப் பெயரை ஒட்டினாலும் அது ஊகம். மேற்பரப்பில் உள்ள அணுக்களின் பிணைப்பையும் காட்டும் எக்ஸ்.பி.எஸ். எடுக்க வேண்டும்.

இதே வகைப் பொறி புல்மோட்டை மணலுக்கும் உண்டு. மின் கடத்தாத பொடி எஸ்.ஈ.எம்.மில் ஏற்றம் பிடித்து, படம் வெள்ளை வெள்ளையாகக் கோடிட்டு நழுவும். அதற்காகப் பொன் பூசுவார்கள். பொன்னின் ஒரு கோடு 2.12 இல், சிர்கோனியத்தின் முக்கிய கோடு 2.04 இல். மணலில் சிர்கான் இருக்கிறதா என்று பார்க்கப் போய் அதன் மேலேயே பொன்னைப் பூசினால் என்ன தெரியும்? காபன் பூசச் சொல்லிக் கேளுங்கள், மாதிரி கொடுக்கும் முன்பே கேளுங்கள். பேராதனைக்கோ கொழும்புக்கோ ஹோமாகமவில் உள்ள நனோ தொழில்நுட்ப நிறுவனத்துக்கோ பஸ் ஏறிப் போய், நாள் குறித்து, காசு கட்டி எடுக்கும் படம் அது. இரண்டாம் தரம் போவது கொடுமை.

“போன மாதம் வந்தது இந்த மாதம் வரேல்லை”

குறிப்பேட்டைக் கொண்டு வா என்பேன். பெரும்பாலும் அதில் “முன்பு போலவே செய்தேன்” என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தடை செய்ய வேண்டும். போத்தலின் தொகுதி எண், திறந்த திகதி, தண்ணீர் எங்கிருந்து, யார் கழுவிய முகவை, எத்தனை மணிக்கு உலையில் போட்டது, வெளியே மழையா வெயிலா, எல்லாம் வேண்டும். பிறகு, பழைய போத்தலின் மிச்சம் இருந்தால் பழையதோடும் புதியதோடும் ஒரே நாளில் அருகருகே ஒரு தொகுப்பு. ஒரு சாமானை மட்டும் மாற்ற வேண்டும். நாலைந்து நாளில் குற்றவாளி தெரியும்.

ஒருமுறையும் திரும்ப வராத அருமையான முடிவு ஒன்று எல்லோரிடமும் இருக்கும். என்னிடமும் இருக்கிறது, குப்பியில். ஆய்வேட்டில் இல்லை.

“சேர் மெயிலுக்குப் பதில் போடேல்லை”

மூன்று பக்கம் எழுதினால் போட மாட்டார். ஒரு படம், அதன் கீழ் இரண்டு வரி, கடைசியில் ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. அதற்கும் பதில் இல்லை என்றால் நேரே போய்க் கதவைத் தட்டுங்கள். எம்.ஃபில். பதிவில் இருந்து பி.எச்டி.க்கு உயர்த்தும் திகதி நெருங்கும்போது மட்டும் ஒரு கிழமை கூடப் பொறுக்க வேண்டாம்.

பதில் போடாத பேராசிரியருக்கு எதிர்மாறாக, நீங்கள் கேட்காமலே “மதிப்புக்குரிய விஞ்ஞானியே” என்று மெயில் போட்டு, பத்து நாளில் பிரசுரிக்கிறோம், காசு அனுப்புங்கள் என்கிற சஞ்சிகைகள் வரும். அழித்துவிடுங்கள்.

“குப்பியில எழுதினது அழிஞ்சு போச்சு”

எழுதிய மையை அல்ககோல் துடைத்துவிடும், நாங்களோ எல்லாவற்றையும் அல்ககோலால் துடைப்பவர்கள். பென்சிலால் தாளில் எழுதி, மேலே தெளிந்த ஒட்டுநாடா ஒட்டுங்கள். மூடியில் மட்டும் எழுதாதீர்கள், மூடிகள் இடம் மாறும். கந்தளாய் தாண்டும் முன் பஸ் ஆட்டத்தில் பன்னிரண்டு குப்பி ஒன்றாக உருண்டு, எல்லாமே வெள்ளைப் பொடியாக, எது 500 பாகை எது 700 பாகை என்று தெரியாமல் ஹபரணைச் சந்தியில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன்.